உப்பும் வெயிலும் உள்ள கரையில் ஆயுர்வேதம்

ஆயுர்வேதம் நோயாளியின் நாடியைப் பிடிக்கும் முன்பே அவர் குடியிருக்கும் மண்ணைக் கேட்கிறது. வறண்ட நிலம் சாங்கலம். நீர் செழித்த தாழ்நிலம் ஆனூபம். இரண்டுக்கும் நடுவானது சாதாரணம். சாங்கலத்தில் வாதமும் பித்தமும் மிகும், ஆனூபத்தில் கபமும் வாதமும் மிகும் என்பது கணக்கு. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் கரையை இதில் எதில் சேர்ப்பது? காற்றில் ஈரம் இருக்கிறது, மண்ணில் இல்லை. கடல் கண்ணெதிரே கிடக்க, குடிக்கும் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. மாசி கழிந்ததும் தொடங்கும் வறட்சி புரட்டாசி வரை நீள்கிறது. அந்த மாதங்களில் இது சாங்கலம். ஐப்பசி மழை இறங்கியதும் சளியும் இருமலும் மந்தமும் வந்துவிடுகின்றன. அப்போது இதுவே ஆனூபம்.

இந்த இரட்டைத் தன்மையை மறந்துவிட்டு, எங்கோ மலையடிவாரத்துக்கு எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. சூரணமும் லேகியமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், நீர்க்கடுப்பு, மூட்டுவலி என்று எது வந்தாலும் முதலில் சரிபார்க்க வேண்டியவை நான்கு: குடிக்கும் தண்ணீர், சேரும் உப்பு, தூங்கும் நேரம், பருவம்.

சுண்டக் காய்ச்சினால் நல்லதா?

வெந்நீரைப் பற்றி நூல்கள் நிறையச் சொல்கின்றன. பாதியாகச் சுண்டக் காய்ச்சிய நீர், கால் பங்காகச் சுண்டக் காய்ச்சிய நீர் என்று வகை பிரித்துக் குணமும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஆற்றுநீர் உள்ள ஊரில் அது சரி. சவர்த் தண்ணீர் உள்ள தெருவில் அதைச் செய்தால் கேடு. காய்ச்சும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். ஒரு லிட்டரில் 1,000 மில்லிகிராம் கரைந்த உப்புகள் உள்ள நீரை அரை லிட்டராகச் சுண்டினால், அந்த அரை லிட்டரில் ஏறக்குறைய அதே அளவு உப்பு இருக்கும். அதாவது செறிவு இரு மடங்கு. சுண்ணாம்பு கொஞ்சம் அடியில் வெள்ளையாகப் படியும், கறியுப்பு படியாது.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கரைந்த உப்பை அளக்கும் கையடக்கமான டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணீர், வீட்டுக் கிணறு, மணலில் தோண்டிய ஊற்று என்று ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். குடிக்க, கஞ்சி வைக்க, கஷாயம் காய்ச்ச, கருவாடு ஊறவைக்க ஆகிய நான்குக்கும் உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும். மற்ற வேலைக்கு மற்றது. காய்ச்சுவது கிருமிக்காகத்தான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், மூடி வைத்து ஆறவிடுங்கள்.

கலங்கல் நீருக்குத் தேற்றாங்கொட்டை பழைய வழி. தண்ணீரைத் தெளியவைக்கும் பொருள்களின் பட்டியலில் பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் இதை வைத்திருக்கிறார். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையைச் சந்தனம் அரைப்பதுபோல் நன்றாக உரசி, தண்ணீரை ஊற்றிக் கலக்கி, அசைக்காமல் சில மணி நேரம் விட்டால் மண் அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பிறகு காய்ச்ச வேண்டும். தெளிந்துவிட்டது என்பதற்காகக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, கிருமி அதில் இருக்கும். உப்பையும் அது எடுக்காது.

கருவாட்டுக் கணக்கு

அதிகமாகப் பழகக் கூடாதவை என்று ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை, விமான ஸ்தானம் என்ற பகுதியில் மூன்றைக் குறிப்பிடுகிறது: திப்பிலி, காரம் எனப்படும் சாம்பலுப்பு, உப்பு. உப்பை அளவு மீறி உண்பவருக்குச் சோர்வு, தளர்ச்சி, பலக்குறைவு வரும், முடி உதிரும், நரை முந்தும், தோல் சுருங்கும் என்கிறது. பாலில்கூட உப்புப் போட்டுச் சாப்பிடும் சௌராஷ்டிரம், சிந்து முதலிய நாட்டவரை உதாரணமாகக் காட்டுகிறது. உப்பு விளையும் நாட்டில் உப்பு அத்துமீறும் என்று கண்டுகொண்டவர்கள் அந்த நூலை எழுதியவர்கள். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று அட்டையில் தேதி எழுதிப் பாருங்கள். 50 நாள் வந்தால் கணக்குச் சரி என்று தோன்றும், ஆனால் அதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடை மிக்சர் எதுவும் சேரவில்லை. குடிநீரின் உப்பும் சேரவில்லை.

கருவாட்டை விடச் சொல்லவில்லை. புரதம் நிறைந்தது, விலையும் கட்டுப்படியாகும். எடுத்துச் சமைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தலையையும் வயிற்றுப் பகுதியையும் நீக்கி, மேலே ஒட்டிய உப்பையும் மணலையும் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் போடுங்கள். நெத்திலி, சூடை போன்ற மெல்லியவற்றுக்கு 10 நிமிடம் வீதம் இரண்டு தண்ணீர். சீலா, பாறை, சுறா போன்ற தடித்த துண்டுகளுக்கு 20 நிமிடம் வீதம் மூன்று தண்ணீர். ஒவ்வொரு முறையும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரே தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் பலன் பாதிதான். தண்ணீரும் துண்டும் சம உப்பானதும் உப்பு வெளியேறுவது நின்றுபோகும். கிணற்றுச் சவர்நீரில் ஊறவைத்தால் அதனினும் குறைவு. குழம்பில் கத்தரிக்காய், மொச்சை, பூசணி என்று காயைக் கூட்டி, கருவாட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்து, இறக்கும்போது ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

வாங்கும்போது ஒன்று. வெள்ளைக் கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படலம் பூத்திருந்தால் வேண்டாம். உப்பிலேயே வாழும் நுண்ணுயிர் பிடித்ததன் அடையாளம் அது. கழுவினால் நிறம் போகலாம், கெட்டது திரும்பாது.

இந்துப்பு மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உப்புகளில் இந்துப்பு மேலானது என்று ஆயுர்வேதம் சொல்வது உண்மை. ஆனால் அதுவும் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தக்காரருக்கு அதில் சலுகை இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை மட்டுமே வீட்டில் பயன்படுத்தினால், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அயோடின் குறைய வாய்ப்பு உண்டு. ரத்த அழுத்த மாத்திரையை உணவு மாற்றத்தை நம்பி நிறுத்துவது ஆபத்து. உப்பைக் குறைத்துப் பழகி, அழுத்தம் இறங்குவதைக் காட்டி, மருத்துவரே அளவைக் குறைக்கட்டும்.

கோடையில் உப்பு, காரம், புளிப்பு, கடும் உழைப்பு, வெயில் இந்த ஐந்தையும் தவிர்க்கச் சொல்கிறது வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம். நம் கரையில் நடப்பது நேர்மாறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பச்சை மீன் குறைந்து விலை ஏறும் அந்த நாட்களில் அடுப்பில் ஏறுவது கருவாடு. அக்னி நட்சத்திரமும் அதே நாட்களில்தான் வருகிறது. தடைக்காலத்தில் மட்டுமாவது வாரத்துக்கு இரண்டு வேளைக்கு மேல் கருவாடு வேண்டாம். பயறு, முட்டை, நாட்டுப்படகு மீன் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு விதிவிலக்கு: உப்பளத்திலும் கட்டட வேலையிலும் மணிக்கணக்கில் வேர்வை சிந்துகிறவர்கள் உப்பை அறவே விட்டுவிட்டால் தசை பிடித்து இழுக்கும், தலை சுற்றும். அவர்களுக்கு உப்பிட்ட கஞ்சியும் மோரும் தேவை.

மீனும் மோரும்

பாலும் மீனும் சேரக் கூடாது என்பது சரகர் சொன்ன விருத்த ஆகாரங்களில், அதாவது ஒன்றோடொன்று ஒவ்வாத உணவுகளில், முதன்மையானது. தயிருக்கும் மோருக்கும் அதை நீட்டி நம் வீடுகளில் கடைப்பிடிக்கிறோம். இதை மீறினால் வெண்புள்ளி வரும் என்ற பயத்துக்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வெண்புள்ளி, உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது. ஆனாலும் வயிறு மந்தமானவர்கள் இந்த இரண்டையும் தனித்தனி வேளையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இரண்டுமே கனமான புரதம்.

மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரித்தால் பலரும் மோர்மீது பழி போடுகிறார்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகும். பிடித்த நேரத்திலிருந்து எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்பதே முக்கியம். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று இருந்தால் அந்த மீனை அப்படியே ஒதுக்குங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

மோரின் சிறப்பை மூலத்துக்கும் கிரகணி எனப்படும் நாள்பட்ட வயிற்றுக்கோளாறுக்கும் சரகர் விரிவாகச் சொல்கிறார். ஆனால் தயிரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் கலக்கியது மோர் ஆகாது. அன்று காலை உறைந்த, புளிப்பு ஏறாத தயிர் 50 மில்லி, தண்ணீர் 200 மில்லி. மத்தால் கடைந்து மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். மத்து இல்லாவிட்டால் மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் குலுக்கலாம். வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி, நசுக்கிய இஞ்சி ஒரு சிறு துண்டு, கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு. மதியச் சாப்பாட்டின் முடிவில் ஒரு டம்ளர். இரவில் தயிர் கூடாது என்று நூலே தடுக்கிறது. மூலம் இருப்பவர்களுக்கு மோர் உதவும். ஆனால் மலத்தில் ரத்தம் தொடர்ந்து போனால் மூலம்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 40 வயதைத் தாண்டியவர் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிறு

கரையில் மலச்சிக்கலுக்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தண்ணீர் குறைவு, காய்கறி குறைவு, அடக்குதல். அடக்கக் கூடாத உந்துதல்கள் என்று ஆயுர்வேதம் பதின்மூன்றை எண்ணுகிறது. மலமும் சிறுநீரும் அதில் முன்வரிசை. விசைப்படகில் போகிறவர் வேலை நடுவில் அடக்குகிறார். கருவாட்டுக் களத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் பாசி எடுக்கும் இடத்திலும் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், கழிப்பறை இல்லாத காரணத்தால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இதற்குச் சூரணத்தில் மருந்து இல்லை. ஏலக்கூடத்துக்கு ஒரு பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறைதான் மருந்து. ஊராட்சியிடம் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: எழுந்ததும் வெதுவெதுப்பான நீர் இரண்டு டம்ளர், வருகிறதோ இல்லையோ தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்காருதல். காய் விலை அதிகம் என்றால் முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி, பாசிப்பருப்போடு. உலர்திராட்சை 15ஐ இரவில் அரை டம்ளர் நீரில் ஊறவைத்து, காலையில் பிசைந்து நீரோடு சாப்பிடலாம். பனங்கிழங்கு நார் மிகுந்தது. ஒரு வேளைக்கு ஒன்று போதும், தண்ணீர் குடிக்காமல் மூன்று நான்கு தின்றால் வயிறு கட்டிக்கொள்ளும், வாயு ஏறும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் திரிபலா. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி மூன்றும் சம எடை, கடுக்காயின் கொட்டை நீக்கியது. 3 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, படுக்கும் முன் வெந்நீரில். காலையில் தண்ணீராகப் போனால் அளவைப் பாதியாக்குங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். நம் தென் மாவட்ட வறண்ட நிலங்களில் விளையும் நிலாவாரை உடனே வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்தும்கூட. குடலைத் தூண்டித் தள்ளும் சரக்கு அது. ஒரு வாரத்துக்கு மேல் தினமும் எடுத்தால் அது இல்லாமல் மலமே போகாது என்ற நிலைக்கு வந்துவிடும். இரவில் போடும் பெயரில்லாப் பொடிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. லேபிளில் உட்பொருளும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் குறைசொல்வது எளிது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாய் நம் பெருமை. சரகர் காலத்தில் இந்த நாட்டில் மிளகாயே கிடையாது. காரத்துக்கு மிளகும் திப்பிலியும் சுக்கும்தான். ஆகவே மிளகாயை நூலில் தேடாமல் அளவில் பாருங்கள். குழம்புப் பொடியில் மிளகாய் ஒரு பங்குக்கு மல்லி மூன்று பங்கு வையுங்கள். அதைவிட முக்கியம் நேரம். இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் தின்று பதினொன்றுக்குப் படுத்தால் எந்தக் கஷாயத்துக்கும் எரிச்சல் நிற்காது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் வேண்டும். வயிற்றை நான்காகப் பிரித்து, இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுக்கு இடம் என்ற பழைய அளவு எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில்தான் மறந்துபோகும். எரிச்சல் இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ வேர்த்துக் கொட்டினாலோ அது வயிறு அல்ல, இதயமாக இருக்கலாம். இஞ்சிச் சாறு தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பிறகு உணவைப் படிப்படியாக ஏற்றும் முறை ஆயுர்வேதத்தின் அருமையான பகுதி. ஒரு பங்கு அரிசிக்கு 14 பங்கு நீர் விட்டுக் குழைய வேகவைத்து, பருக்கை இல்லாமல் வடித்த தெளிவு முதலில். அது தங்கினால் அதே கஞ்சி பருக்கையோடு. பிறகு 6 பங்கு நீர் விட்ட கஞ்சி. பிறகு 4 பங்கு நீரில் குழைந்த சோறு, பாசிப்பருப்புத் தண்ணீர். பசி எடுத்த பிறகே அடுத்த படி. பலரும் முதல் நாளே பிரட்டும் பிஸ்கட்டும் கொடுத்து மறுபடி வயிற்றைக் கிளறிவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான் நம்ப வேண்டும், அதையும் உப்புக் குறைந்த தண்ணீரில், பாக்கெட்டில் குறித்த அளவுக்குக் கரைக்க வேண்டும். சவர்த் தண்ணீரில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். குழந்தைகளுக்கு அது ஆபத்து.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் நோன்புக் கஞ்சி இதே அறிவில் வந்ததுதான். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். நாள் முழுக்கக் காலியாக இருந்த வயிற்றுக்குத் திரவமான சூடு. கெடுப்பது கூடவே வரும் சமோசாவும் வடையும். பேரீச்சையும் தண்ணீரும், பிறகு கஞ்சி, தொழுகை முடிந்து சாப்பாடு என்ற வரிசையில் போனால் நோன்பு மாதத்தில் வரும் எரிச்சலும் மலச்சிக்கலும் பாதி குறையும்.

நீர்க்கடுப்பும் கல்லும்

வேர்வையில் நீர் போய்விடுவதால் சிறுநீர் கெட்டியாகிறது. உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகம் இறங்குகிறது. கல் உருவாக இந்த இரண்டும் போதும். ஒரு முறை கல் வந்தவர் ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிக்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் அதற்கு மூன்றரை, நான்கு லிட்டர்கூடக் குடிக்க நேரலாம். நிறம் வெளிறிய வைக்கோல்போல் இருக்கிறதா என்பதே அளவுகோல். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு மட்டும். கல் என்றதும் பாலையும் மோரையும் நிறுத்துவது தவறு. உணவோடு சேரும் கால்சியம், கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும்.

உடல் எரிச்சலுக்கும் தாகத்துக்கும் மல்லி ஊறல்நீர். கொத்தமல்லி விதை 20 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 120 மில்லி நீரில் இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் கசக்கி வடிகட்டிக் குடிக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஆறு பங்கு நீர் என்பது நூல் அளவு. கொதிக்கவைக்கக் கூடாது, வாசனையெல்லாம் பறந்துபோகும். மணல் தெருக்களில் காலில் குத்தும் நெருஞ்சியின் காய்தான் நூல்கள் சிறுநீர்க் கோளாறுக்குச் சொல்லும் கோக்ஷுரம். காய்ந்த காய் 10 கிராமை நசுக்கி, 400 மில்லி நீரில் போட்டுச் சிறு தீயில் 100 மில்லியாக வற்றவைத்து, காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் குடிக்கலாம். ஒரு வாரம் போதும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான். காய்ச்சலோடு குளிர் நடுக்கம், விலாவில் தாங்க முடியாத வலி, சிறுநீர் இறங்காமை, கர்ப்பிணிக்குக் கடுப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

விழித்த இரவின் கடன்

இரவு விழிப்பு உடம்பை வறட்டும், பகல் தூக்கம் மந்தமாக்கும் என்கிறது ஆயுர்வேதம். கடலுக்குப் போகிறவருக்கு இரண்டுமே தப்பாது. அவருக்கென்றே எழுதியதுபோல் வாக்படர் ஒரு விதி தருகிறார்: விழித்த நேரத்தில் பாதியை மறுநாள் காலையில், சாப்பிடாமல் தூங்கித் தீர்க்க வேண்டும். வழக்கமாக ஏழு மணி நேரம் தூங்குபவர் முழு இரவும் வலையில் நின்றால், காலையில் மூன்றரை மணி நேரம். கரையில் நடப்பதோ ஏலம் முடிந்ததும் கடையில் நான்கு பரோட்டா, ஒரு டீ, பிறகு மாலை நான்கு வரை உறக்கம். வயிறு உப்புகிறது, அன்றிரவும் தூக்கம் வருவதில்லை. ஒரு டம்ளர் நீராகாரமோ தெளிந்த கஞ்சியோ மட்டும் குடித்துவிட்டுப் படுத்து, பதினொன்றரை மணிக்கு எழுந்து குளித்து, மதியச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டால் இரண்டும் சரியாகும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் மட்டும் வெறும் வயிற்றில் படுக்கக் கூடாது.

சர்க்கரை பற்றிப் பேச்சு வந்ததால் பனையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியில் சத்து உண்டு, சாயம் பூசிய வெல்லத்தைவிட நல்லது. ஆனால் பெரும்பகுதி சர்க்கரைதான். பதநீரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. 200 மில்லி டம்ளரில் 20 கிராமுக்குக் குறையாது. நீரிழிவு உள்ளவருக்குக் கருப்பட்டிக் காபி மருந்தல்ல. அவருக்கு நுங்கு இரண்டு சுளை, இளசாக, மேல்தோலோடு. முற்றிய நுங்கு வயிற்றை வலிக்கவைக்கும்.

பருவத்தை இடம் மாற்றுங்கள்

நூலின் மழைக்கால ஒழுக்கம் ஆடி, ஆவணியை ஒட்டி வருகிறது. நமக்கு அப்போது கச்சான் காற்றும் புழுதியும்தான். அதனால் அந்த ஒழுக்கத்தை இங்கே ஐப்பசி, கார்த்திகைக்கு நகர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய அரிசியில் புதிதாக வடித்த சோறு, சுக்கும் மிளகும் சேர்த்த தெளிந்த பருப்புச் சாறு, காய்ச்சிய நீர், பகல் தூக்கம் இல்லாமை எல்லாம் வாடைக்காற்று வந்த பிறகு. பசி மந்தமாவது அப்போதுதான். ஆடியில் நமக்குத் தேவை கோடை ஒழுக்கத்தின் தொடர்ச்சி: நெய் ஒரு தேக்கரண்டி, நீராகாரம், நுங்கு முடிந்திருந்தால் வெள்ளரி. நீராகாரத்துக்குச் சோறு ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி, எட்டு முதல் பத்து மணி நேரத்தில் குடித்துவிட வேண்டும். வெயில் நாளில் அதற்கு மேல் போனால் புளித்து நெஞ்சைக் கரிக்கும்.

எண்ணெய்க் குளியலும் பருவம் பார்த்துத்தான். வறண்ட மாதங்களில் வாரம் இரண்டு முறை, மழை மாதங்களில் வெயில் அடிக்கும் நாள் மட்டும். நல்லெண்ணெய் 50 மில்லி, கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கியது. அடுப்பில் நேரே காய்ச்ச வேண்டாம். தலை, காது மடல், உள்ளங்கால் மூன்றையும் விடாமல், மூட்டுகளில் வட்டமாக, நீண்ட எலும்புகளில் நீளவாக்கில் தேய்த்து, 20 முதல் 30 நிமிடம் கழித்து வெந்நீர். கடலில் நனைந்து வந்தவர் முதலில் உப்பைக் கழுவித் துடைத்த பிறகே எண்ணெய் தொட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு தோலில் உரசி அரிப்பு எடுக்கும். எண்ணெயைப் போக்கப் பாசிப்பயறு மாவு. காய்ச்சல், சளிக்கட்டு, அஜீரணம் இருக்கும்போதும், சாப்பிட்ட உடனேயும் கூடாது. மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது. நீரிழிவால் கால் மரத்தவர்கள் உள்ளங்காலில் வெடிப்பும் புண்ணும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விரல் இடுக்கில் எண்ணெய் தங்காமல் துடைத்து, ஈரத் தரையில் வழுக்காதபடி செருப்பு போட்டுக்கொண்டு எழ வேண்டும்.